நுரையீரலை யார் படிப்பது?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சங்க ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்து சந்தா ரசீதுகளைச் சரிபார்த்துக் கொண்டிருந்தேன். குவாரியில் ஜல்லி உடைக்கும் அக்கா ஒருவர், மகளைக் கையோடு அழைத்துக் கொண்டு வந்து நின்றார்.

மகள் டாக்டர். அரசுப் பள்ளியில் படித்த பெண். அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று தமிழ்நாட்டில் 2020ல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததே, அந்த வாசல் வழியாக உள்ளே போனவள். எங்கள் குவாரித் தெருவில் பெயருக்குப் பின்னால் எம்.பி.பி.எஸ். போட்டுக் கொண்ட முதல் ஆள் அவள்தான். அன்றைக்குத் தெருவே சாக்லேட் கொடுத்துக் கொண்டாடியது.

"நீங்களே கேளுங்க தோழர்" என்றார் அக்கா. "இவ ஊசி போடுவா, பிரசவம் பார்ப்பான்னு ஊரே காத்துக்கிட்டிருக்கு. இவ என்னடான்னா மேல படிக்கணும்கிறா. என்ன படிப்புன்னு கேட்டா பதாலஜியாம். பிணம் அறுக்கிற படிப்பாம்!"

"அது மட்டும் இல்ல மாமா…" என்று பெண் ஆரம்பித்தாள். தாய் விடவில்லை.

"என் தம்பி செத்தப்போ அறுக்க விடக்கூடாதுன்னு நீங்கதானே தோழர் முன்னால நின்னீங்க? இப்ப என் வயித்துல பொறந்தவ கத்திய எடுக்கறேங்கிறா. சொல்லுங்க, நீங்க என்ன சொல்றீங்க?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. வாய் வரவில்லை என்பதே உண்மை. அந்தப் பதிலை இங்கே எழுத முயல்கிறேன்.

அக்காவின் தம்பி எங்கள் சங்க உறுப்பினர். பாறையில் துளை போடும் மெஷினைப் பதினெட்டு வருஷம் பிடித்தவர். மாலையில் வீடு திரும்பும்போது தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளையாக இருக்கும்; கிழவன் வருகிறான் என்று குழந்தைகள் கேலி செய்வார்கள். முப்பத்தெட்டு வயதில் மூச்சிரைப்பு கண்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். நுரையீரலில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. காசநோய் என்று அட்டை எழுதினார்கள். சளியில் கிருமி தென்படவில்லை என்றாலும் மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் தின்றார். மறுபடியும் ஆறு மாதம். 2014ல், நாற்பத்தோரு வயதில், செத்துப் போனார். இத்தனை நாளில் ஒரு டாக்டராவது "என்ன வேலை பார்க்கிறாய்?" என்று அவரைக் கேட்டதாக எனக்குத் தெரியாது. இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும் என்று ராமஸ்ஸினி என்ற இத்தாலிய டாக்டர் 1700ல் புத்தகமே எழுதி வைத்திருக்கிறார்!

கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் செத்த பிறகு கேட்டார். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த இளம் டாக்டர் ஒருவர், "இவர் குவாரிக்காரரா? நுரையீரலை எடுத்துப் பார்த்தால் இது காசமா, கல் தூசியால் வந்த நோயா என்று தெரிந்துவிடும், சம்மதம் தருவீர்களா?" என்றார். உறவினர்கள் கொதித்தெழுந்தார்கள். நான் அவர்களுக்கு முன்னால் போய் நின்றேன். "உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள் செத்த பிறகு அறுக்க வருகிறீர்களா?" என்று சத்தம் போட்டேன். கூட்டம் கைதட்டியது. பிணத்தை வாங்கிக் கொண்டு ஊருக்குப் போனோம்.

நஷ்டஈட்டு வழக்குப் போட்டபோதுதான் அந்தக் கைதட்டலின் விலை புரிந்தது. முதலாளியின் வக்கீல் காசநோய் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "காசநோய் யாருக்கும் வரும். குவாரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" எங்கள் கையில் என்ன இருந்தது? மஸ்டர் ரோலில் அவர் பெயரே இல்லை. நோய் தூசியால் வந்தது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை. சாட்சி ஒன்றுதான் இருந்தது. அதை நாங்களே மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தோம். வழக்குத் தள்ளுபடியாயிற்று. அவர் மனைவி இன்றைக்கும் அதே குவாரியில் கல் சுமக்கிறார்.

பதாலஜி என்பது என்ன? தமிழில் நோய்க்கூறியல் என்கிறார்கள். நோய் உடம்புக்குள் என்ன செய்கிறது, எந்த உறுப்பை எப்படி மாற்றுகிறது என்று பார்க்கிற சாஸ்திரம். பிணம் அறுப்பது அதில் ஒரு பகுதிதான். இன்றைக்கு அது சிறு பகுதி. ஆஸ்பத்திரியில் கட்டியை அறுத்து எடுத்தால் அது புற்றுநோயா அல்லவா என்று தீர்ப்புச் சொல்வது பதாலஜிஸ்ட். ரத்தத்தைப் பார்த்து இன்ன நோய் என்று சொல்வதும் அவரே. நோயாளி அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆனால் எந்த ஆபரேஷன், எந்த மருந்து என்பது பெரும்பாலும் அவருடைய இரண்டு வரி ரிப்போர்ட்டைப் பொறுத்து நிற்கிறது.

அந்தப் பெண் எனக்கு விளக்கினாள்; மெட்ரிக் படித்த எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். உடம்பிலிருந்து எடுத்த துண்டை ஃபார்மலினில் ஊற வைக்கிறார்கள், அழுகாமலிருக்க. பிறகு மெழுகில் புதைத்து, சீவுகிற மெஷினில் வைத்து மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் சீவுகிறார்கள். ஒரு மைக்ரான் என்றால் ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சீவியதைக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றினால், உயிரணுவின் உட்கரு நீலமாகவும் மற்றது ரோஸ் நிறமாகவும் தெரிகிறது. இந்த வேலையில் பெரும் பங்கு லேப் டெக்னீஷியன்களுடையது. அவர்களில் எத்தனை பேர் ஒப்பந்தக் கூலிகள் என்பது தனிக் கதை. கல் தூசி படிந்த நுரையீரலில் என்ன தெரியும்? தூசியை விழுங்கப் போன உயிரணுக்கள் விழுங்கியே செத்திருக்கும். அவற்றைச் சுற்றி வெங்காயத்தை நறுக்கினாற்போல வட்டம் வட்டமாக நார் முடிச்சுகள் இறுகிக் கிடக்கும். ஒரு விசேஷ ஒளியில் வைத்துப் பார்த்தால் அந்த முடிச்சுகளுக்குள் தூசித் துகள்கள் மினுக்கும். காசநோயின் முடிச்சு வேறு மாதிரி. எக்ஸ்ரே படத்தில் இரண்டும் ஒன்றுபோல மயக்கலாம். மைக்ராஸ்கோப்பின் கீழே மயக்கம் பெருமளவு தீர்ந்துவிடும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு, ஏனென்றால் தூசி படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பிடித்துக் கொள்கிறது. "காசம் இருக்கிறது, ஆகவே தூசி நோய் இல்லை" என்ற வக்கீல் வாதம் எவ்வளவு மோசடி என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை.

இதே வாதத்தைப் பிரிட்டனில் நூறு வருஷத்துக்கு முன்பே உடைத்திருக்கிறார்கள். லங்காஷயரில் ராச்டேல் என்ற ஊர். நெல்லி கெர்ஷா என்ற பெண் பன்னிரண்டு வயதில் ஆலை வேலைக்குப் போனவள். ஆஸ்பெஸ்டாஸ் நாரை நூலாக நூற்பது அவள் வேலை. மூச்சு முட்டி 1922ல் வேலையை விட்டாள். ஆஸ்பெஸ்டாஸ்தான் காரணம் என்று உள்ளூர் டாக்டர் எழுதிக் கொடுத்தார். கம்பெனி ஒத்துக் கொள்ளவில்லை. ஒருத்திக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்களே! 1924 மார்ச்சில் அவள் செத்தாள். வயது 33. ஈமச் செலவுக்குக் கூடக் கம்பெனி கை நீட்டவில்லை. மரண விசாரணை நடந்தது. வில்லியம் குக் என்ற பதாலஜிஸ்ட் அவளுடைய நுரையீரலைச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பழைய காசநோயின் தழும்பும் இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் நுரையீரலை நாராக்கியது தாதுத் துகள்கள் என்று கண்டார். அந்தத் துகள்களை ஆஸ்பெஸ்டாஸ் தூசியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்று! 1924லேயே மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். 1927ல் அந்த நோய்க்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயரும் வைத்தார். பிறகு சர்க்கார் விழித்துக் கொண்டு 363 தொழிலாளர்களைப் பரிசோதிக்கச் செய்தது. கால்வாசிப் பேருக்கு மேல் நுரையீரல் கெட்டிருந்தது. 1931ல் தூசிக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. நெல்லியின் குடும்பத்துக்கு ஒரு காசும் வரவில்லை. அவளுக்குக் கல்லறைக் கல்கூட வைக்கவில்லை. ஆனாலும் அவளுடைய நுரையீரல் சாட்சி சொல்லியது.

தென்னாப்பிரிக்கக் கதை இன்னும் நெருக்கமானது. 1956ல் ஜோஹன்னஸ்பர்க்கில் வாக்னர் என்ற இளம் பதாலஜிஸ்ட், காசநோய் என்று நினைத்திருந்த ஒரு கறுப்பினத் தொழிலாளியின் உடலைப் பிரேதப் பரிசோதனை செய்தார். நுரையீரலைச் சுற்றிக் கெட்டியாக ஒரு கட்டி. மீசோதீலியோமா என்ற அபூர்வமான புற்றுநோய். அவர் அதோடு விடவில்லை. சுரங்க வட்டாரத்து டாக்டர்களோடு சேர்ந்து தேடினார். 1960ல் 33 பேரின் கதையை வெளியிட்டார். ஏறக்குறைய எல்லோருக்கும் நீல ஆஸ்பெஸ்டாஸோடு தொடர்பு இருந்தது. சுரங்கத்தில் வேலையே செய்யாமல், குழந்தைப் பருவத்தில் சுரங்கத்தின் பக்கத்தில் வாழ்ந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

அந்த நாட்டில் 1973ல் ஒரு சட்டம் வந்தது. சுரங்கத் தொழிலாளி இறந்தால், குடும்பத்தின் சம்மதத்தோடு, அவருடைய இதயத்தையும் நுரையீரலையும் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். தூசி நோய் தென்பட்டால் குடும்பத்துக்கு நஷ்டஈடு. இதில் தேனும் பாலும் ஓடியதாக எண்ணிவிட வேண்டாம். வெள்ளையருக்கு ஒரு கணக்கு, கறுப்பருக்கு ஒரு கணக்கு என்று அந்தச் சட்டமே பல வருஷம் பாகுபாடு செய்தது. ஊருக்குத் திரும்பிப் போய் ஆஸ்பத்திரி வாசனையில்லாத கிராமத்தில் செத்த ஆயிரக்கணக்கான கறுப்பினத் தொழிலாளர்களின் நுரையீரலை யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் ஏற்பாடு என்று ஒன்று இருந்தது. நம்மிடம் என்ன இருக்கிறது?

நம் நாட்டில் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. 1923ன் நஷ்டஈட்டுச் சட்டத்திலும் 1948ன் தொழிற்சாலைச் சட்டத்திலும் தூசி நோய்களுக்கு அட்டவணை இருந்தது. அந்தச் சட்டங்களை விழுங்கிக் கொண்டு 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொகுப்புகளிலும் அட்டவணை இருக்கிறது. ராஜஸ்தானில் கல் தொழிலாளர்களும் அவர்களுக்காக நின்றவர்களும் வருஷக் கணக்கில் போராடி, 2019ல் தனிக் கொள்கையே வந்தது: சான்றிதழ் பெற்ற தொழிலாளிக்கு 3 லட்சம், அவர் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். எக்ஸ்ரேயும் வேலைச் சரித்திரமும் இருந்தால் அங்கே டாக்டர் குழு சான்றிதழ் தருகிறது. நோயைக் கண்டு சொல்ல எப்போதும் பிணத்தை அறுக்க வேண்டியதில்லை என்பதற்காக இதையும் சொல்கிறேன். ஆனால் படத்தில் சந்தேகம் வரும்போது, அட்டையில் காசம் என்று எழுதிவிட்டபோது, அடித்துச் சொல்ல வல்லவர் யார்? இந்த வட்டாரத்துக் கல், இந்த வட்டாரத்துத் தூசி, இந்த வட்டாரத்து நுரையீரலில் என்ன செய்கிறது என்று ஆராய்ந்து வைத்திருப்பவர் யார்? யாருமில்லை!

அதனால்தான் அந்தப் பெண்ணின் ஆசை எனக்கு வெறும் மேல்படிப்பு ஆசையாகத் தோன்றவில்லை. வெளிநாடுகள் சிலவற்றில் ஆராய்ச்சிக்கென்றே தனி முதுகலைப் பட்டம் இருக்கிறது. ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, பாடம் குறைவு, ஆய்வேடுதான் பிரதானம். நம் நாட்டில் எம்.ஃபில். என்று இருந்த பட்டத்தையும் 2022ல் நிறுத்திவிட்டார்கள். டாக்டர் ஒருவருக்கு இங்கே பதாலஜி ஆராய்ச்சியின் வாசல் பெரும்பாலும் எம்.டி.தான்: மூன்று வருஷம், அதற்குள் ஓர் ஆய்வேடு. அந்த ஆய்வேடு பல இடங்களில் எப்படி நடக்கிறது என்று கேட்டால் சிரிப்பு வரும். பேராசிரியர் ஒரு தலைப்பைக் கொடுப்பார். போன வருஷத்து ஆய்வேட்டில் எண்ணை மாற்றினால் இந்த வருஷத்து ஆய்வேடு. கூலிக்கு எழுதிக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கையெழுத்தாகி, அட்டை போட்டு, அலமாரியில் ஏறிவிடும். அவ்வளவுதான்.

ஏன் இப்படி? மாணவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கடன் வாங்கிப் படித்தவன் கடனைக் கட்டப் பார்ப்பான். நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் துறையில் காசு வருகிறது. பதாலஜி படித்தாலும், ஆராய்ச்சியை விட்டுவிட்டு லேப் வைத்தால் காசு வருகிறது. ரத்தம் எடுக்கப் பையன்கள் மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். 2023 செப்டம்பரில் என்ன நடந்தது? மேல்படிப்பு இடங்கள் காலியாகக் கிடக்கின்றன என்று நுழைவுத் தேர்வின் தகுதி அளவைப் பூஜ்ய பெர்சென்டைலுக்கே இறக்கினார்கள். காலியாகக் கிடந்தவை பெரும்பாலும் நோயாளியைத் தொடாத துறைகள். தகுதி தகுதி என்று கூவி ஏழைப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தியவர்கள், தனியார் கல்லூரியின் நாற்காலி காலியானபோது தகுதியைப் பூஜ்யமாக்கத் தயங்கவில்லை. இடம் இறங்கியது, பீஸ் இறங்கவில்லை!

ஆராய்ச்சிக்குப் பெரிய கட்டிடமும் கோடி ரூபாய் மெஷினும் வேண்டும், ஏழை நாட்டில் அது ஆகாது என்று சிலர் சொல்வார்கள். கல்கத்தாவின் சம்பு நாத் தே-யின் கதை அவர்களுக்குப் பதில். ஹூக்ளி ஜில்லாவில் ஒரு கிராமத்தில் 1915ல் பிறந்தவர். லண்டனில் பதாலஜி ஆராய்ச்சி செய்து 1949ல் பட்டம் பெற்றார். அங்கேயே தங்காமல் திரும்பினார். காலரா கிருமியை ராபர்ட் காக் கல்கத்தாவில் 1884ல் அடையாளம் கண்டிருந்தார். ஆனால் அந்தக் கிருமி மனிதனை எப்படிக் கொல்கிறது என்பது எழுபத்தைந்து வருஷமாகப் புதிராகவே இருந்தது. தே கையில் எடுத்தது என்ன? ஒரு முயல். அதன் குடலில் ஒரு பகுதியை இரு முனையிலும் நூலால் கட்டி, அதற்குள் காலராக் கிருமியைச் செலுத்தினார். குடல் நீரால் வீங்கியது. 1959ல் இன்னும் ஒரு படி போனார்: கிருமிகளையெல்லாம் வடிகட்டிவிட்டு, அவை வளர்ந்த திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் வீங்கியது! ஆக, கொல்வது கிருமி கக்கும் நஞ்சு. அது உடம்பின் நீரைக் குடலுக்குள் இறைத்து வெளியேற்றுகிறது. இழந்த நீரை ஈடுகட்டினால் மனிதன் பிழைப்பான். 1971ல் வங்க அகதி முகாமில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களின் உயிரை மீட்டார்களே, அந்த வைத்தியத்தின் நியாயம் இந்த நஞ்சின் குணத்தில்தான் இருக்கிறது. இந்த நாட்டு விஞ்ஞானக் கழகங்கள் தே-யை அவர் உயிரோடிருந்த வரையில் கௌரவிக்கவில்லை. 1985ல் காலமானார்.

அக்காவின் பயத்துக்கு வருகிறேன். அதை மூடநம்பிக்கை என்று தள்ள நான் தயாரில்லை. ஏழையின் உடம்பை டாக்டர்கள் கேட்காமல் எடுத்த சரித்திரம் நீளமானது. பிரிட்டனில் 1832ல் ஒரு சட்டம் போட்டார்கள்: அநாதை விடுதியில் செத்து, யாரும் கேட்டு வராத உடம்பை மருத்துவப் பள்ளிக்குக் கொடுக்கலாம் என்று. பிரபுவின் உடம்பு அங்கே போகவில்லை! வறுமையே குற்றம், அறுப்பதே தண்டனை என்று அந்த நாட்டுத் தொழிலாளி நினைத்ததில் தப்பென்ன? நம் ஊரிலும் பிரேதக் கொட்டகை வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும்: காத்திருப்பு, கையில் வைக்க வேண்டிய பணம், "தள்ளி நில்லு" என்ற அதட்டல். அந்த வாசலை மாற்றாமல் "சம்மதம் கொடு" என்று மட்டும் கேட்டால் ஜனங்கள் கொடுக்க மாட்டார்கள். கொடுக்கவும் கூடாது.

இதைப் பெண்ணிடம் சொன்னபோது அவள் கோபித்துக் கொள்ளவில்லை. உடம்பைத் திறக்காமல், கனமான ஊசியால் உறுப்பிலிருந்து சிறு துணுக்கு எடுக்கும் முறை வந்திருக்கிறது என்றாள். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் குழந்தைகள் ஏன் சாகிறார்கள் என்று ஆராய அதைக் கையாண்டிருக்கிறார்களாம். தூசி நோய்க்கு அது முழுக்கப் போதுமா என்பதே ஆராய வேண்டிய விஷயம் என்றாள். "அதையே கூட என் ஆய்வேடாக்கலாம் மாமா."

அவள் இன்னும் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சர்க்கார் கல்லூரியில் இடம் கிடைத்தால் மாத உதவித் தொகை வரும், வீட்டைக் கடனாளியாக்காமல் படிக்கலாம். தனியார் கல்லூரி என்றால் கதவைத் தட்டவே வேண்டியதில்லை. ஆய்வேட்டுக்கு இந்தத் தலைப்பை ஏற்கும் பேராசிரியர் வேண்டும். குவாரித் தாலுகாக்களிலுள்ள ஆஸ்பத்திரிகள் நோயாளியின் வேலையை அட்டையில் எழுத வேண்டும். இது ஒரு சுற்றறிக்கையில் முடிகிற காரியம், சுகாதார இலாகா இன்றைக்கே செய்யலாம். கல் தூசியில் வேலை செய்து செத்தவரின் நுரையீரலை, குடும்பம் சம்மதித்தால், செலவில்லாமல் பரிசோதித்து, முடிவை எழுத்தில் குடும்பத்தின் கையில் கொடுக்கும் ஏற்பாடும் வேண்டும். இதைத் தென்னாப்பிரிக்கா செய்தபோது நம்மால் ஏன் முடியாது?

தண்ணீர் விட்டுத் துளை போட்டால் தூசி அடங்கும், அதைச் செய்ய வைப்பதல்லவா முதல் வேலை, டாக்டர் பெண்ணை ஏன் மைக்ராஸ்கோப்புக்கு அனுப்புகிறீர்கள் என்று ஒரு தோழர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. தண்ணீர்க் குழாய் கேட்டுப் பல வருஷமாக மனுக் கொடுத்து வருகிறோம். "இங்கே தூசியால் எவன் செத்தான், காட்டு" என்பதுதான் முதலாளி தரும் பதில்.

அக்காவிடம் போன வாரம் மறுபடியும் பேசினேன். 2014ல் நான் செய்தது தப்பு என்று சொன்னேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அறுத்தா தைச்சுக் கொடுப்பாங்களா? மொகத்தைப் பார்க்கலாமா?" என்று கேட்டார். மகளிடம் கேட்டேன். தைத்து, கழுவி, துணி சுற்றித் தருவார்கள், முகத்தில் கை வைக்க மாட்டார்கள் என்றாள். அதைக் குறித்து வைத்திருக்கிறேன். குவாரித் தெருவில் இப்போது மூன்று பேர் மூச்சிரைப்போடு படுத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை அந்த மூன்று வீடுகளுக்கும் போகிறேன்; அக்காவும் வருகிறேன் என்றிருக்கிறார்.